தலையணை உறையில் ஒரு மலை

என் தம்பி மனைவிக்கு எங்கள் வீட்டில் பெயர் சொப்பனம். வைத்தவள் நான்தான். கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்பிப் பார்ப்பாள். முதல் தடவை கூப்பிடும்போது ஆள் இங்கே இருப்பதில்லை. எங்கேயோ போயிருந்து, நம் குரல் கேட்டு, அவசரமே இல்லாமல் திரும்பி வருவாள். வந்ததும் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்தால் திட்ட வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். என் வாயையே அடைத்தவள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் தையல்காரி. திரைச்சீலை, சோபா உறை, பள்ளிச் சீருடை, மழைக்கோட்டின் உள்துணி, எது வந்தாலும் முடியாது என்று சொன்னதில்லை. சொப்பனத்தை முதலில் பார்த்தது நான் நூல் வாங்குகிற மொத்தக் கடையில். நீளமான கடை அது. இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் நூல்கண்டுகள். உள்ளே போகப் போக இருட்டு. கடைசியில் முதலாளியின் நாற்காலி, அதற்கு மேலே சாயக் கம்பெனி கொடுத்த ஒரு பெரிய காலண்டர். துணித்துண்டுக்கு நூல் பொருத்துவது சொப்பனத்தின் வேலை. நான் ஒரு துண்டை நீட்டினால் வாங்கிக்கொண்டு உள்ளே போவாள். நாலைந்து கண்டுகளோடு வாசலுக்கு வந்து, படியில் நின்று, ஒவ்வொன்றாகத் துணியின் மேல் வைத்து வெளிச்சத்தில் பார்ப்பாள். டியூப் லைட்டில் எல்லா நீலமும் ஒரே நீலம், நம்பினால் மோசம் போவோம் என்பாள். மற்றதையெல்லாம் கழித்துவிட்டு ஒரு கண்டு மட்டும் கையில் மிஞ்சுகிறபோதுதான் வம்பு. நிறம் பொருந்தியாயிற்று, என்னிடம் கொடுக்க வேண்டியதுதான். கொடுக்க மாட்டாள். நூலைப் பிடித்தபடி வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் இருமுவேன். பின்னாலிருந்து முதலாளி கத்துவார். அதற்குப் பிறகு அந்தச் சிரிப்பு.

ஒரு மத்தியானம் நான் போனபோது, நூல் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரொட்டியில் வெள்ளையாக எதையோ தடவியிருந்தாள். ஒரு துண்டு நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் கை வாங்கிவிட்டது. முதலில் பால் ருசி வந்தது. அப்புறம் லேசான புளிப்பு. விழுங்கப் போகிற நேரத்தில் பூண்டு வாசனை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது நாக்கின் ஓரத்தில் மிளகு. எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டேன்.

"வாங்கலைங்க, வீட்டுப் பக்குவம். எங்க ஆளுங்க மலையில ஆடு மேய்ச்சவங்க. அவங்க செஞ்ச சீஸ் இது."

ஆடு எங்கே என்று கேட்டேன். ஆடெல்லாம் மலையோடு போயிற்று, இப்போது பாக்கெட் பால்தான் என்றாள். சொல்லிவிட்டு என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். நூல் தட்டுகள்தான் இருந்தன.

அதற்கப்புறம் எனக்குத் தேவையில்லாத நூலெல்லாம் தேவைப்பட ஆரம்பித்தது. நான் போவேன், அவள் பெட்டி மேல் உட்கார்ந்து சொல்லுவாள். அந்த மலையில் விடியல் மேலிருந்து வராதாம். பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி வெள்ளையாக ஏறி வரும், ஏறி வந்து கதவைத் தட்டும், அதுதான் விடியலாம். ஆடுகள் பனிக்குள் நடக்கும்போது உடம்பு தெரியாது, மணிச்சத்தம் மட்டும் தனியாக நடந்து போகுமாம். பால் கறந்த கையோடு காற்றில் விரலை நீட்டினால் விரல் நுனியில் பால் உறைந்து முத்தாக நிற்குமாம். கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கே காது குளிரும். பஸ் சத்தம் காதில் விழாது. எழுந்து வீட்டுக்கு வந்த பிறகுதான், வாங்க வேண்டிய நூலை வாங்காமல் வந்தது தெரியும்.

ஒரு கடுங்குளிர் காலத்தில் ஆடுகள் செத்து, ஆட்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்களாம். கப்பலில் வேலை பார்த்த ஒரு தூரத்து மாமா இவளைக் கீழே கூட்டிவந்து, நூல் கடையில் சேர்த்துவிட்டு, கடலுக்குப் போனவர் திரும்பவே இல்லையாம். இவளுடைய சித்தி ஒருத்தி பனியில் வழி தவறிய கதையைக் கேட்ட அன்றைக்கு, ஒரு திரைச்சீலை முழுக்க அழுதுகொண்டே தைத்தேன். ஓரம் கோணலாகப் போய், பிரித்து மறுபடி தைக்க வேண்டியதாயிற்று.

இப்படி ஒருத்தி தனியாக ஒண்டிக் குடித்தனம் இருப்பதைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். நாள் முழுக்கக் கட்டிடங்களின் பள்ளத்துக்குள் கம்பிவடத்தோடு தொங்குகிறவனுக்கு மலைக்காரிதான் சரி என்று முடிவு கட்டினேன். அவளைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். எங்கள் அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன் என்று பெருமை பேசுகிறவர். அவர்தான் விசாரணை அதிகாரி. சொப்பனம் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அந்தச் சீஸைக் கொண்டுவந்திருந்தாள். அப்பா ஒரு ஸ்பூன் எடுத்தார். இன்னொரு ஸ்பூன் எடுத்தார். அப்புறம் ஸ்பூன் பாட்டிலை விட்டு வெளியே வரவே இல்லை. விசாரணை அதோடு முடிந்தது.

அப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் வம்சம் என்பது அப்பாவின் அப்பாவோடு நின்றுவிடும். கால்வாய் வெட்டுகிற வேலைக்கு எங்கிருந்தோ வந்தவர் என்பதற்கு மேல் யாருக்கும் ஒரு சங்கதியும் தெரியாது. அடுத்த வீட்டு மருந்துக்கடைக்காரரோ தன் முன்னோர்களையெல்லாம் ஃபிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தார். ஒவ்வொருவர் மீசையாகக் காட்டி அப்பாவை வயிறெரிய வைப்பார். இப்போது அப்பாவுக்கும் சொல்ல ஆள் கிடைத்தது. "எங்க சம்பந்தி வீட்டு ஆளுங்க பனி மலையில ஆயிரம் ஆடு வச்சிருந்தாங்க" என்று ஆரம்பித்தார். கொஞ்ச காலத்தில் 'சம்பந்தி வீட்டு' உதிர்ந்துபோய் 'எங்க ஆளுங்க' மட்டும் மிச்சமிருந்தது. ஆடுகளும் வருஷா வருஷம் குட்டி போட்டுப் பெருகின. கடைசிக் காலத்தில் எங்கள் அப்பா தான் மலையிலிருந்து இறங்கிவந்தவன் என்றே நம்பினார். போய்ச் சேரும்போதும் மலைக்காரராகத்தான் போய்ச் சேர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சீஸ் நாள். பாலை அகலமான பாத்திரத்தில் ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டி மேலே வரப் பார்க்கிற நேரத்தில் அடுப்பை அணைப்பாள். எலுமிச்சைச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஒரே பக்கமாகக் கிளறுவாள். பால் முதலில் பிடிவாதம் பிடிக்கும். அப்புறம் சட்டென்று மனசு மாறித் திரிந்து, வெள்ளை தனியாக, இளம்பச்சைத் தண்ணீர் தனியாகப் பிரியும். அதை ஒரு தலையணை உறைக்குள் கொட்டி, வாயை முடிச்சுப் போட்டு, சமையலறைக் குழாயில் தொங்கவிடுவாள். சாதாரணத் துணி போதுமே என்று ஆரம்பத்தில் நான் சொல்லிப் பார்த்தேன். மலையில் தலையணை உறையில்தான் வடிகட்டுவார்கள் என்றாள். நாங்கள் நம்பினோம். மலையில் என்னென்னவோ வழக்கம் இருக்கும், நமக்கென்ன தெரியும்? அதற்கென்றே கெட்டியான பருத்தித் துணியில், ஓரம் இரட்டைத் தையல் போட்டு, நான்தான் உறை தைத்துக் கொடுத்துவந்தேன்.

உறை சொட்டுகிற நேரம்தான் எனக்குப் பிடித்த நேரம். வீடு முழுக்கப் பால் வாசனையும் ஈரத்துணி வாசனையும் இருக்கும். சொட்டு விழும், கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது, மறுபடி ஒரு சொட்டு. ஜன்னல் வெயில் தரையில் நகர்ந்து வரும். சொப்பனம் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த நேரத்தில் நான் அவளைக் கூப்பிட்டதே இல்லை.

சாயங்காலம் உறையைப் பிரித்து, உருண்டையைக் கிண்ணத்தில் போட்டு, வடிந்த தண்ணீரில் ஒரு கை திரும்ப விட்டு, மரக்கரண்டியால் மெழுகாக அடிப்பாள். அப்போதுதான் சொந்தக்காரர்கள் வருவார்கள். ஆமாம், எங்கள் வீட்டில் அதில் விழுகிற ஒவ்வொரு பொருளும் ஒரு சொந்தக்காரர். உப்பு போட்டால் உப்புத் தாத்தா. யாரோடும் பேச மாட்டார், கை எப்போதும் ஈரமாக இருக்கும். நெய்யில் லேசாக வதக்கி நசுக்கிய பூண்டு போட்டால் பூண்டுப் பெரியப்பா. மூடுபனிக்குப் பயந்தவர், பனி கிட்டே வராமலிருக்க எப்போதும் ஒரு பல் பூண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டிருப்பார். இடித்த மிளகு, மிளகுச் சித்தி. கோபம் வந்தால் கடித்துவிடுவாள், ஒரு ஓநாயின் காதையே கடித்தவள், பனியில் வழி தவறியதும் அவள்தான். பாலைத் திரிய வைக்கிற எலுமிச்சை, கொள்ளுப்பாட்டி. இருட்டுவதற்குள் ஆடு, நாய், மனுஷர் என்று ஒரு தலை விடாமல் தொட்டு எண்ணிவிட்டுத்தான் கதவைச் சாத்துவாள். அவள் இருந்தவரைக்கும் மலையில் எதுவும் தொலைந்ததில்லை.

வெளியாள் யாராவது எங்கள் சாப்பாட்டு மேஜைப் பேச்சைக் கேட்டால் தலை சுற்றிப் போவார்கள். பெரியப்பா இன்னைக்கு வரலையா என்று என் தம்பி கேட்டால், பூண்டு குறைச்சல் என்று அர்த்தம். சித்தியை ரெண்டு சிட்டிகை போடு என்பார் அப்பா, இருந்த காலத்தில். கொள்ளுப்பாட்டி தூக்கலாகிவிட்டாள் என்று ஒருநாள் என் தம்பி சொல்ல, மருந்துக்கடைக்காரர் மனைவி எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

சொப்பனத்துக்கு ஒரே மகள். வாலு என்று கூப்பிடுவோம். சின்ன வயசில் செய்த சேட்டைக்கு வைத்த பெயர். இப்போது வளர்ந்து வேலைக்குப் போய்விட்டாள், பெயர் மட்டும் போகவில்லை. பல் செட் செய்கிற இடத்தில் வேலை. டாக்டர்கள் அனுப்புகிற வாய் அச்சுகளை வைத்துக்கொண்டு, பல் பல்லாகச் செதுக்கிப் பொருத்துவாள். தெருவில் போகிறவர்களைத் தாடையைப் பார்த்துத்தான் அடையாளம் சொல்லுவாள். அவளிடம் ஒருமுறை ஒரே வீட்டிலிருந்து தாத்தா, மகன், பேத்தி என்று மூன்று பேருடைய அச்சு வந்திருக்கிறது. மூன்றிலும் அதே இடத்தில் அதே கோணல் பல். மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தவள் வேலையை மறந்து உட்கார்ந்துவிட்டாளாம். அம்மாவின் பெண்தானே.

அவள் தாடை சற்று முன்னால் நீண்டது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது, இது யாருடைய தாடை என்று கேட்டிருக்கிறாள். எலுமிச்சைக் கொள்ளுப்பாட்டியோடது என்று சொப்பனம் சொல்லிவைத்திருந்தாள். அது அந்தப் பெண்ணின் மனசில் வேரோடிவிட்டது. கம்ப்யூட்டரில் தேடினாள். அம்மா சொன்ன அடையாளமெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற மூன்று சிகரங்கள், நடுவில் அவரை விதை மாதிரி ஒரு ஏரி, ஏரிக்கரையில் சிவப்பு ஓட்டுக் கூரைகள். எல்லாம் ஒரே இடத்தில் அச்சுப் பிசகாமல் கிடைத்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஜையில் படத்தைக் காட்டினாள். லீவு சொல்லிவிட்டேன், ரயிலுக்குப் பதிவு செய்துவிட்டேன், அடுத்த வாரம் கிளம்புகிறேன், அந்த ஊரில் ஒவ்வொரு தாடையாகப் பார்த்து நம் சொந்தத்தில் யாராவது மிச்சமிருக்கிறார்களா என்று கண்டுபிடிக்கப் போகிறேன் என்றாள். என் தம்பி தட்டிலிருந்து தலையைத் தூக்கி, பெரியப்பாவைக் கேட்டதாச் சொல்லு என்றான். அவன் அந்த மாதத்தில் பேசிய பெரிய வாக்கியம் அது. நான் கம்பளிக் கோட்டுக்கு உள்துணி தைத்துத் தருகிறேன் என்றேன். கிண்ணத்தில் ஓடிக்கொண்டிருந்த கரண்டி நின்றுபோனதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சொப்பனத்தின் கரண்டி அடிக்கடி நிற்கிறதுதான்.

மறுநாள் மத்தியானம் சொப்பனம் என் தையல் அறைக்கு வந்தாள். இன்னும் அந்த நூல் கடையில்தான் அவளுக்கு வேலை, கடை திறந்திருக்கிற நேரத்தில் அவள் வந்ததே கிடையாது. தைக்க வந்த திரைச்சீலைக் குவியலின் மேல் உட்கார்ந்தாள்.

"அண்ணி, அந்த மலையில யாரும் இல்ல."

செத்துப்போன கதைதான் தெரியுமே, வீடாவது நிற்கும், பிள்ளை பார்த்துவிட்டு வரட்டும் என்றேன், மிஷினை நிறுத்தாமல்.

"யாரும் இருந்ததே இல்ல அண்ணி. நான் ஹோம்ல வளர்ந்தவ. என்னைப் பெத்தவங்க யாருன்னே எனக்குத் தெரியாது."

ஊசி துணிக்குள் குத்தியபடி நின்றது. மலை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். நூல் கடைக் காலண்டர் என்றாள். முதலாளியின் தலைக்கு மேலே தொங்கிய அந்தக் காலண்டர். மூன்று சிகரம், ஏரி, சிவப்புக் கூரை. நான் எத்தனை வருஷம் அந்தக் கடைக்குப் போயிருக்கிறேன், எத்தனை தடவை அதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன கேட்பது என்று தெரியவில்லை. வாயில் முதலில் வந்ததைக் கேட்டேன்.

"அப்ப மிளகுச் சித்தி?"

கேட்டதும் எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் அவளுக்காக நான் ஒரு திரைச்சீலை அழுதிருக்கிறேன், கேட்க எனக்கு உரிமை உண்டு.

அப்புறம்தான் சொப்பனம் சொன்னாள். மெதுவாக, இடையில் எங்கேயும் போகாமல். அவளை அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஹோமில் பால் ஒன்றுவிட்டு ஒரு நாள் வரும். வெயிலில் நின்ற வண்டியில் வந்து சேர்வதற்குள் பாதி நாள் திரிந்துபோகும். சமையல்காரருக்கு அதைக் கொட்ட மனசு வராது. எலுமிச்சையைப் பிழிந்து முழுசாகத் திரிய வைத்து, வெளுத்த தலையணை உறையில் கட்டி, துணி காயப்போடுகிற கம்பியில் தொங்கவிடுவார். உப்பு போட்டுக் காய்ந்த ரொட்டியில் தடவிக் கொடுப்பார். அவர்தான் உப்புத் தாத்தா. பூண்டுப் பெரியப்பா ஒரு பையன். இருட்டறை என்றால் பயம், சமையலறையில் பூண்டு திருடிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் படுப்பான். ஒருநாள் அகப்பட்டபோது பூண்டைச் சீஸ் கிண்ணத்தில் துப்பிவிட்டான், அன்றிலிருந்து அதில் பூண்டு. மிளகுச் சித்தி எல்லோரையும் கடிக்கிற ஒரு குட்டிப் பெண். கொள்ளுப்பாட்டி, இருந்தவர்களில் பெரியவள். காலையில் எழுந்ததும் வரிசையாக எல்லோர் தலையையும் தொட்டு எண்ணுவாளாம்.

ஏன் எண்ணுவாள் என்று கேட்டேன்.

"யாராவது வந்து ஒவ்வொருத்தரா வளர்க்கக் கூட்டிட்டுப் போயிடுவாங்க அண்ணி. யார் மிச்சம்னு எண்ணிப் பார்ப்பா. அப்புறம் அவளையும் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். நான் தைத்துக் கொடுத்த தலையணை உறைகளெல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. இரட்டைத் தையல் வேறு. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, அவளை நாலு சாத்தலாமா என்றும் வந்தது. முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தால் என்ன என்று கேட்டேன். அன்றைக்கு உங்களை எனக்குத் தெரியாதே, தெரிந்த பிறகு நீங்கள் சித்திக்காக அழுதுவிட்டீர்கள், அப்புறம் எப்படிச் சொல்வது என்றாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

"அவ போய்த் தேடி, அங்க யாருமே இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டுத் திரும்பி வந்தா, நான் பேசினது எதையும் அப்புறம் நம்ப மாட்டா. அவளுக்கு நான் யாரு அண்ணி அப்ப?"

கிளம்புவதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு என்று மட்டும் சொன்னேன். நீங்கள் சொல்லுங்களேன் என்று கையைப் பிடித்தாள். உன் வாய்க்கு நான் வாடகைக்கு வர முடியாது, வேண்டுமானால் பக்கத்தில் உட்காருகிறேன் என்றேன். அந்த வாரம் முழுக்க என் தையல் ஒன்றும் உருப்படவில்லை. ஒரு கோட்டுக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வழக்கம்போல உறை குழாயில் சொட்டியது. வழக்கம்போல அடித்தாள், போட வேண்டியதைப் போட்டாள், ஆனால் யார் பெயரையும் சொல்லவில்லை. கிண்ணத்தை மேஜையில் கொண்டுவந்து வைத்தாள். மூலையில் வாலுவின் பெட்டி கட்டித் தயாராக நின்றது. என் தம்பி ரொட்டியை எடுத்துத் தடவ ஆரம்பித்தான். சொப்பனம் நின்றுகொண்டே சொன்னாள். என்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக, எதையும் அழகு பண்ணாமல் சொன்னாள். காலண்டர், ஹோம், திரிந்த பால், தலையணை உறை.

என் தம்பியின் கத்தி ரொட்டியின் நடுவில் நின்றது. கொஞ்ச நேரம் மனைவியின் முகத்தைப் பார்த்தான். அப்புறம், அந்தப் பூண்டு திருடினவன் இப்ப எங்க இருக்கான் என்று கேட்டான். தெரியாது என்றாள். ம் என்று சொல்லிவிட்டு, பக்கத்து நாற்காலியை அவள் உட்காருவதற்கு இழுத்துப் போட்டான். அவன் கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. அந்த விஷயத்தில் என் தம்பியைப் பாராட்டத்தான் வேண்டும்.

வாலு அப்படி இல்லை. தட்டைத் தள்ளிவைத்தாள். முகம் சிவந்து, கழுத்து வரைக்கும் சிவந்தது. பள்ளிக்கூடத்தில் கொள்ளுப்பாட்டியைப் படமாக வரைந்து பரிசு வாங்கினேனே, அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றாள். வேலை செய்கிற இடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், இனி எந்த முகத்தோடு போவேன் என்றாள். சொப்பனம் கையை மேஜையில் வைத்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பேசக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப என் தாடை யாருது?"

"என்னோடது. அதுக்கு முன்னாடி யாருதுன்னு எனக்குத் தெரியாதும்மா."

வாலு அம்மாவின் முகத்தையே பார்த்தாள். எங்கள் யாரையும் பார்க்காமல், வேலை செய்கிறபோது அச்சைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். சமையலறையில் அலசித் தொங்கவிட்ட காலி உறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் கோபம் இறங்கிய குரலில் கேட்டாள்.

"எல்லாரையும் கூட்டிட்டுப் போனாங்களே, உன்னைக் கூட்டிட்டுப் போக யாரும் வரலையா?"

சொப்பனம் இல்லை என்று தலையை ஆட்டினாள். வெறும் தலையாட்டல்தான். அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"யாரும் வரலையா? ஏன், நான் வரலையா? அந்த நூல் கடையிலேர்ந்து இவளைக் கையைப் பிடிச்சு இந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தது யாரு? நான் யாரும் இல்லையா?"

கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் என் கன்னமெல்லாம் நனைந்திருப்பது தெரிந்தது. சொப்பனம் என்னைப் பார்த்தாள். பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை, முதல் குரலிலேயே திரும்பியிருந்தாள். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, ஹோமிலிருந்து வந்த அந்தச் சின்னப் பெண்ணாகவே அழுதாள். நானும் அழுதேன். என் தம்பி என்ன செய்வதென்று தெரியாமல் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு ரொட்டியில் சீஸ் தடவி வைத்தான்.

வாலு எழுந்து வாசல் பக்கம் போனாள். பெட்டியை எடுத்துக்கொண்டு அப்படியே கிளம்பிவிடுவாளோ என்று எனக்குப் பக்கென்றது. பெட்டியைத்தான் எடுத்தாள். கொண்டுவந்து அம்மாவின் காலடியில் வைத்து, மூடியைத் திறந்து, தன் துணிகளில் பாதியை வெளியே எடுத்துப் போட்டாள்.

"உன் மேல இருக்கிற கோபம் எனக்கு இன்னும் போகல. ரயில்ல வச்சு சண்டை போடுவேன். உன் துணியைக் கொண்டா."

நான் எதுக்கு, அங்கேதான் யாரும் இல்லையே என்றாள் சொப்பனம்.

"நீ மலையைப் பார்த்ததே இல்லையேம்மா."

சொப்பனம் திறந்திருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எங்களிடம் கேட்டாள், இத்தனை வருஷம் எங்கள் எல்லோரையும் பனியில் நடத்திக் கூட்டிப்போனவள் கேட்டாள்:

"அங்க ரொம்பக் குளிருமா?"